சம்பளமும் பெட்ரோலும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், ஒரு மருத்துவமனையின் செலவுக் கணக்கு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வீரசோழன் என்று பெயரிட்ட அந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்குத் தனியாக நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சுகிறவர்களுக்கு இவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இவ்வளவு, நாவிதருக்கு இவ்வளவு, தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு இவ்வளவு. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்கூட விட்டுப்போகவில்லை. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் அந்த மருந்துப் பட்டியலைத்தான் அதிகம் பேசுவார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது சம்பளப் பகுதியை. நோயாளிக்குக் கிடைக்கும் உதவியில் பெரும்பங்கு இன்னொரு மனிதரின் உழைப்பு என்பது அந்தக் கொடையை ஏற்படுத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மனிதரும் சாப்பிட வேண்டும், அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அது தவறாமல் நடக்க வேண்டும் என்றுதான் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று நம் ஊர்களில் இயங்கும் சிறு மருத்துவ உதவி அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் சம்பளம் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், நாலைந்து தலைப்புகளுக்குள் பிரித்து ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் சக்கர நாற்காலி வழங்கும் படம். ஒளித்து வைக்கிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். கொடுக்கிறவர்கள் அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

தென்மாவட்டம் ஒன்றில், வீட்டிலேயே கிடக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்த்துவரும் ஒரு சிறு அறக்கட்டளையின் கணக்குகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், இன்ன நோய் என்றில்லாமல் முதுமையாலேயே படுக்கையானவர்கள். பெரிய மருத்துவமனை 'இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்று சொன்ன பிறகு தொடங்குகிற வேலை இது. காலையில் ஒரு வண்டி கிளம்பும். அதில் ஒரு நர்ஸ், ஓட்டுநர், முடிந்தால் ஒரு தன்னார்வலர். கதீட்டர் மாற்ற வேண்டும், படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும், மலச்சிக்கலை எடுத்துவிட வேண்டும், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி எப்படிக் கொடுப்பது என்று மருமகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் சில வீடுகளில் ஒரு மணி நேரமாகும்.

இதற்கு என்ன செலவு? பஞ்சு, கையுறை, சலைன், காஸ் துணி. நாற்றமெடுக்கும் புற்றுப் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். அதன் விலை மிகக் குறைவு. வலிக்கான வாய்வழி மார்ஃபினும் விலை உயர்ந்த மருந்தன்று. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் மாதச் செலவில் சிறு பங்குதான். மீதி முழுக்க நர்ஸின் சம்பளம், ஓட்டுநரின் சம்பளம், பெட்ரோல். அதாவது இங்கே நிர்வாகச் செலவு என்று கொடையாளிகள் முகம் சுளிக்கிற அந்தப் பணம்தான் சிகிச்சை. நோயாளியின் உடலைத் தொடுகிற கை அந்தப் பணத்தில்தான் வருகிறது.

இதைப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உரையாடலைச் சொல்ல வேண்டும். அறக்கட்டளையின் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மளிகை மொத்த வியாபாரி ஒருவர், நல்ல மனிதர், காசோலையோடு வந்தார். "டீச்சர், எம் பணத்த மட்டும் சம்பளத்துக்கு எடுத்துராதீக. வீல் சேரா வாங்கிப் போடுங்க" என்றார். டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, வீல் சேரு நம்மகிட்ட நிறையக் கெடக்கு. அத ஒருத்தர் வீட்டுக்குக் கொண்டு போயி, அவர அதுல தூக்கி உக்கார வைக்க ஆள் போட்டாத்தான் அது வீல் சேரு. இல்லன்னா குடோன்ல கெடக்குற இரும்பு." அவர் யோசித்தார். பாதிப் பணத்தைப் பொதுச் செலவுக்கு என்று எழுதிக்கொடுத்தார். பாதிக்கு வீல் சேர்தான்.

மார்ஃபின் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 500 கிலோவுக்கு மேல். 1997-க்குள் அது 20 கிலோவுக்கும் கீழே போய்விட்டது. மருந்து இருந்தது, அபின் விளைந்தது இந்த மண்ணில், விலையும் மலிவு. ஆனாலும் உரிமங்களுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் கையைக் கழுவிக்கொண்டன. வலியில் துடித்துச் செத்தவர்களின் கணக்கை யாரும் எழுதவில்லை. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. எளிதானபோதும் பதிவேடு உண்டு, இருப்புக் கணக்கு உண்டு, பூட்டிய அலமாரி உண்டு, பொறுப்பேற்கும் மருத்துவர் உண்டு. மாத்திரை மலிவு; அதைச் சட்டப்படி நோயாளியின் நாக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மனித நேரம் மலிவன்று. அந்த நேரமும் வரவு செலவுக் கணக்கில் 'அலுவலகச் செலவு' என்ற தலைப்பின் கீழேதான் வரும்.

இந்த வேலையை நடத்த வழி காட்டியது கேரளம். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அது ஒரு புறநோயாளிப் பிரிவு. நோயாளி அவர்களைத் தேடி வர வேண்டும். வரமுடிந்தவர்கள் வந்தார்கள். வரமுடியாத அளவுக்கு நோய் முற்றியவர்கள், பேருந்துக் காசு இல்லாதவர்கள் வீட்டிலேயே கிடந்தார்கள். 1990-களின் கடைசியில் மலப்புறம் மாவட்டத்தில் வேறொன்று முளைத்தது. அந்தந்த ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, அந்தந்த ஊரிலேயே பணம் திரட்டி, ஒரு நர்ஸை வேலைக்கு வைத்து வீடு வீடாகப் போனார்கள். இந்த அண்டை வீட்டு வலையமைப்பு வெளிநாட்டு நிதியையோ பெரிய கம்பெனியையோ நம்பி எழுந்ததன்று. கடைகளில் வைத்த உண்டியல், மாணவர்கள் சேர்த்த சில்லறை, ஒரு நாள் வசூலைக் கொடுத்த தனியார் பேருந்துகள், வளைகுடாவிலிருந்து வந்த சிறு தொகைகள். ஜனவரி 15-ஐ அங்கே ஆதரவுச் சிகிச்சை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அன்று தெருவில் தன்னார்வலர்கள் வாளி ஏந்தி நிற்பார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அது. பஞ்சாயத்துகள் நர்ஸ் நியமிக்கத் தொடங்கின. மக்கள் திரட்டிய பணம் முன்னால் போயிற்று, அரசுப் பணம் பின்னால் வந்தது. இந்த வரிசை முக்கியமானது என்று நினைக்கிறேன்.

நமக்கும் இது புதிதன்று. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பிடி அரிசியில் பள்ளிகளும் மடங்களும் அன்னதானங்களும் நடந்தன. அதன் பெருமை அளவில் இல்லை. அன்றாடம் என்பதில் இருந்தது. அரிசியைப் போட்ட பெண் 'இது சமையல்காரருக்குப் போகக்கூடாது' என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்குத் தெரிந்த அறக்கட்டளையின் பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டினால் அதன் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. டீக்கடைக்காரர், சத்துணவு அமைப்பாளர், டெய்லர், பள்ளிக்கூட வாத்தியார்கள். மாதச் சந்தா ஐம்பது, நூறு. திவசத்தன்று இலை போடுவதற்குப் பதிலாகக் கொடுத்த தொகை. பிறகு ஒரு குறிப்பிட்ட வகை வரவு கூடிக்கொண்டே போகிறது. நோயாளி இறந்து, காரியங்கள் முடிந்த பிறகு, வீட்டார் வாட்டர் பெட்டைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். மிச்சமிருக்கும் டயாபர் பாக்கெட்டையும் கொண்டுவருவார்கள், அடுத்தவருக்கு ஆகட்டும் என்று. கூடவே ஒரு கவரில் பணம். அதில் சிலர் அன்றிலிருந்து சந்தாக்காரர் ஆகிவிடுகிறார்கள். புத்தகத்தில் இந்தப் பெயர்களுக்கு எதிரே இடைவெளி விழுவது அபூர்வம். மழை பெய்தாலும், மகளுக்குக் கல்யாணம் நடந்தாலும், அந்த நூறு ரூபாய் வந்துவிடும்.

பிறகு பெரிய கொடை ஒன்று வந்தது: ஒரு வண்டி. கதவில் கொடுத்தவர் பெயர் எழுதியாயிற்று, சாவி வாங்கும் படம் பேப்பரில் வந்தது. ஊருக்கே சந்தோஷம். வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும், டயர் தேயும், கிளட்ச் போகும். டயருக்கு நன்கொடை கேட்டால் கொடுப்பவர் யாருமில்லை. டயரில் பெயர் எழுத முடியாது. வண்டி வந்த பிறகு போகும் ஊர்கள் கூடின, பார்க்கும் நோயாளிகள் கூடினார்கள், செலவும் கூடிற்று. சந்தாக்காரர்களின் எண்ணிக்கை மட்டும் அதே வேகத்தில் கூடவில்லை. 'அவங்களுக்கு வண்டியே வந்துருச்சு, இனி நம்ம நூறு ரூபா எதுக்கு' என்று ஒருவர் கேட்டதாக வசூலுக்குப் போன பெண் வந்து சொன்னார். கேட்டவர் தவறாகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து எல்லாச் சிற்றூர் அறக்கட்டளைகளுக்கும் பாடமாயிற்று. அந்தப் பணத்தால் நடந்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். டயாலிசிஸ் எந்திரங்கள் வந்தன, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள் வந்தன. ஆனால் அந்தப் பணத்துக்கென்று ஒரு குணம் உண்டு. அது திட்டமாக வரும். ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்று. மார்ச் மாதத்துக்குள் செலவாக வேண்டும், யு.சி. என்னும் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். எத்தனை பயனாளிகள் என்று கேட்கும். ஒரு கண் பரிசோதனை முகாமில் ஒரே நாளில் முந்நூறு பேரைக் காட்டிவிடலாம். தண்டுவடம் முறிந்து படுத்திருக்கும் ஓர் இளைஞனை வாரம் ஒருமுறை, ஆண்டு முழுவதும் போய்ப் பார்த்தால் அந்தப் படிவத்தில் அவன் ஒரு பயனாளிதான்.

அறக்கட்டளைக்கு அப்படி ஒரு திட்டம் கிடைத்தது. இரண்டாவது நர்ஸ் வந்தார், பிசியோதெரபிஸ்ட் வந்தார், மலையடிவாரம் வரைக்கும் வண்டி போயிற்று. திட்டக் காலம் முடிந்ததும் கம்பெனி வேறு மாவட்டத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. அவர்கள் எந்த வாக்கையும் மீறவில்லை. தாளில் எழுதிய காலத்துக்கு எழுதிய தொகையைக் கொடுத்தார்கள். ஆனால் மலையடிவாரத்து நோயாளிகளுக்குத் திட்டக் காலம் முடியவில்லை. கதீட்டரைக் குறித்த நாளில் மாற்றியாக வேண்டும். புண் மார்ச் 31-ஐப் பார்த்து ஆறாது. இரண்டாவது நர்ஸுக்கு மூன்று மாதம் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தார்கள். பிறகு அவர் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அவர் பார்த்துவந்த வீடுகளை முதல் நர்ஸ் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். வாரம் ஒருமுறை என்பது பத்து நாளுக்கு ஒருமுறையாயிற்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாயிற்று. அந்த நாட்களின் வீட்டுவருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். தேதிகளுக்கு இடையில் உள்ள தூரம் கூடக்கூடப் புண்ணின் அளவும் கூடியிருக்கிறது. நர்ஸ் அதைச் சென்டிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

வெளிநாட்டுப் பணம் சிறிய அமைப்புகளுக்கு நேராக வருவது குறைவு. பெரிய அமைப்பு ஒன்று பெற்றுப் பகிர்ந்து கொடுத்துவந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்தப் பகிர்தலைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறக்கியது. கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சம்பளமே சேவையாக இருக்கும் இடத்தில், எந்தச் சம்பளம் நிர்வாகம், எந்தச் சம்பளம் சேவை என்று பிரிக்கும் வேலை ஆடிட்டரின் மேசைக்குப் போகிறது. நோயாளிகள் பட்டியலைத் தயாரித்து, எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று திட்டமிட்டு, இரவு வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் ஒருங்கிணைப்பாளர் எந்தப் பக்கம்? அவர் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது.

அதே 2020-இல்தான் கொரோனா. உண்டியல் வைத்திருந்த கடைகள் மூடிக்கிடந்தன, வசூலுக்கு யாரும் வெளியே போகமுடியவில்லை. கம்பெனிகளின் சமூகப் பணத்தில் ஒரு பகுதி பி.எம். கேர்ஸ் நிதியை நோக்கித் திரும்பியது. அதில் செலுத்துவதும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேரும் என்று மார்ச் மாதக் கடைசியிலேயே அறிவித்துவிட்டார்கள். வீட்டில் கிடக்கிறவர்களுக்கு மட்டும் தேவை கூடிற்று. மருத்துவமனைக்குப் போகப் பேருந்து இல்லை, போனாலும் சேர்ப்பதில்லை. அறக்கட்டளையை அந்த ஆண்டு தாங்கியவர்கள் பழைய சந்தாக்காரர்கள். கூகுள் பே வந்திருந்தது நல்லதாயிற்று. அதே ஐம்பது, அதே நூறு. வேலை போன ஒரு பேருந்து நடத்துநர் இருபது ரூபாய் அனுப்பி, 'இந்த மாசம் இவ்வளவுதான் முடிஞ்சது' என்று எழுதியிருந்தார். அந்த இருபது ரூபாய்க்கும் ரசீது போட்டார் டீச்சர்.

வரிச் சட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதில் ஒரு சிறு அமைப்பின் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 80ஜி சலுகைக்காகக் கொடுப்பவர்கள் எப்போதும் ஒரு பகுதி. 2017-இலிருந்து 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. 2021-22 முதல் ஒவ்வொரு கொடையாளியின் விவரத்தையும் 10பிடி படிவத்தில் ஏற்றி, அவருக்கு 10பிஇ சான்றிதழ் எடுத்துத்தர வேண்டியதாயிற்று. 2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பு முறை ஆனது. அதில் 80ஜி கழிவு இல்லை. சம்பளக்காரர்களில் பலர் புதிய முறைக்குப் போனார்கள், அவர்களில் சிலர் நன்கொடையையும் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் பெயர்கள் மார்ச் மாத ரசீதுகளில் மட்டுமே இருந்தவை. நோயாளி இருந்த வீட்டிலிருந்து வந்த பெயர்களில் வரிச் சலுகையைக் காரணம் காட்டி நின்றவர் ஒருவரும் இல்லை.

உண்டியலுக்கும் சட்டம் உண்டு. வருமானவரிச் சட்டத்தில் 2006-இல் வந்த விதியின்படி, பெயரும் முகவரியும் பதியாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி. முழுக்கச் சமயப் பணிக்கென்றே உள்ள அறக்கட்டளைகளுக்கு இது பொருந்தாது. கறுப்புப் பணம் அறக்கட்டளை வழியாக வெளுத்துவிடக்கூடாது என்ற நோக்கத்துக்கு நியாயம் உண்டு. மிகச் சிறிய அமைப்பை அந்த ஒரு லட்சம் காப்பாற்றிவிடும். மலப்புறத்தைப் போல வாளி ஏந்தி ஊரெல்லாம் வசூலித்து வளர நினைக்கும் அமைப்புக்குத்தான் இது இடிக்கும். ஐந்து ரூபாய் போடும் பூக்காரம்மாவிடம் முகவரி எழுதித் தரச் சொல்ல முடியாது. இன்னொன்றில் அரசு நல்லது செய்திருக்கிறது. ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்றிருந்ததை, ஆண்டு வருமானம் 5 கோடிக்கு உட்பட்ட அமைப்புகளுக்குப் பத்தாண்டு என்று 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மாற்றியது. கணக்கு எழுதத் தனி ஆள் வைக்க வழியில்லாத இடங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கையிருப்பு பற்றியும் தவறான எண்ணம் இருக்கிறது. வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே செலவிட வேண்டும் என்பது விதி. மீதியைச் சேர்த்து வைக்கலாம். அறக்கட்டளை வங்கியில் வைப்பு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'பணத்தை முடக்கி வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்கிறீர்களே' என்கிறார்கள். ஒரு நோயாளியின் வீட்டுக்கு முதல் முறை போகும்போதே, கடைசி வரை வருவோம் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கடைசி என்று வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆறு மாதச் சம்பளமாவது கையில் இல்லாமல் புதிய வீட்டுக்குள் நுழைவது தவறு என்பேன். அந்த வைப்பின் வட்டியில் வாழ்ந்துவிடலாம் என்ற பழைய நம்பிக்கையும் இன்று செல்லாது. 1990-களின் நடுவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கிடைத்த வட்டி 2020-இல் ஆறுக்கும் கீழே வந்துவிட்டது. டயாபரின் விலை அப்படி இறங்கவில்லை.

மிகவும் வெட்கப்பட வேண்டிய விஷயத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும். இந்த அமைப்புகளின் நர்ஸுகளுக்கு நாம் கொடுக்கும் சம்பளம். வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். பணிக்கொடைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் அறக்கட்டளையில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பெண், போகும்போது சட்டப்படி எதையும் கேட்க முடியாது. 'சேவை மனப்பான்மை உள்ளவர் தேவை' என்று விளம்பரம் கொடுக்கிறோம். குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறவர் தேவை என்பதே அதற்கு நடைமுறையில் பொருள். தன்னார்வலர் தன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வரலாம், அது பெருந்தன்மை. சீழ் துடைத்துப் பிழைக்கும் பெண்ணின் வயிற்றிலிருந்து அந்தப் பெருந்தன்மையை எடுத்துக் கொடையாளியின் திருப்தியைக் காப்பாற்றுவது அறமன்று. நோயாளியின் வலியைக் குறைக்க வந்த அமைப்பு தன் நர்ஸின் வீட்டில் வறுமையை வளர்க்குமானால், அதன் கணக்கு எவ்வளவு சுத்தமாக ஆடிட் ஆகியிருந்தாலும் அது நேர்மையான கணக்கில்லை. எங்கள் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வந்தன; படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. இது பெரிய காரியம். சிறு அமைப்புகள் இதைப் போட்டியாக நினைத்தால் அவர்கள் தொடங்கிய நோக்கத்தையே மறந்தவர்கள் ஆவார்கள். அரசு நர்ஸ் பார்க்க வேண்டிய பரப்பு மிகப் பெரியது. இரவு பதினொரு மணிக்கு மூச்சுத் திணறும்போது யாரை அழைப்பது, இறந்த பின் அந்த வீட்டுக் குழந்தைகளின் படிப்பு என்னாகும், அரிசி வாங்க வழியில்லாத வீட்டில் மாத்திரை எப்படி விழுங்குவது என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தில் நிற்கப் பெரிய பணம் வேண்டாம். ஒருபோதும் நிற்காத சிறு பணம் வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இப்படி ஓர் அமைப்பு இருக்கும். போய்ப் பாருங்கள். ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நர்ஸுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அது உயர்வதற்கு நீங்கள் என்ன தரமுடியும் என்று யோசியுங்கள். பிறந்தநாளுக்கு ஒருமுறை பத்தாயிரம் தருவதைவிட மாதம் ஐந்நூறு தருவது அவர்களுக்கு உதவும். வங்கியில் ஒரு முறை எழுதிக்கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானாகப் போய்ச் சேரும். எந்தச் செலவுக்கு என்று கேட்டால், சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் என்று எழுதிக்கொடுங்கள்.